ஒரு குழுவுக்குள் புது நிரல் மொழி எப்படி நுழைகிறது?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 3

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பதினோரு ஆண்டுகளாக ஓடும் பில்லிங் அமைப்பு எங்களுடையது, முழுவதும் ஜாவா. மாதக் கடைசியில் பில் போடும் வேலை ஒன்பது மணி நேரம் ஓடுகிறது. ரஸ்ட்டுக்கு மாறலாம் என்று இரண்டு இளம் நிரலாளர்கள் ஆறு மாதமாகச் சொல்லிவருகிறார்கள். மேலாளர் அறிக்கை கேட்டார். ஜாவா, கோ, ரஸ்ட் மூன்றையும் பதினான்கு தலைப்புகளில் ஒப்பிட்டு அட்டவணை கொடுத்தேன். கூட்டத்தில் அதை யாரும் திறக்கக்கூட இல்லை. நிறுவனங்கள் உண்மையில் இதை எப்படி முடிவு செய்கின்றன? தகுதியுள்ள மொழி தானே ஜெயிக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஜூன் 3, இரவு

அட்டவணையை யாரும் திறக்காததில் எனக்கு வியப்பில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட கூட்டங்கள் ஏழெட்டில் உட்கார்ந்திருக்கிறேன்; ஒன்றில்கூட ஒப்பீட்டு அட்டவணை முடிவைத் தீர்மானித்ததில்லை. முடிவு எடுத்த பிறகு, கோப்பில் வைப்பதற்காக அட்டவணை தயாரித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முடிவைத் தீர்மானிப்பது ஒரு வலி. அந்த வலிக்குப் பெயரும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயனரும் எந்தச் செய்திவரை படித்திருக்கிறார் என்று கணக்கு வைக்கும் சேவை ஒன்று அங்கே கோ மொழியில் இருந்தது. பெரும்பாலான நேரம் அது வேகமாகவே ஓடியது. ஆனால் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பதில் வரும் நேரம் திடீரென்று எகிறியது. கோவின் கார்பேஜ் கலெக்டர் (இனித் தேவைப்படாத நினைவகத்தைத் தேடி விடுவிக்கும் பகுதி), வேலை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஓடியே தீரும். ஓடும்போதெல்லாம் நினைவகத்தில் கிடந்த பெரிய கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவின் கையிருப்பு) முழுவதையும் அது துழாவ வேண்டியிருந்தது. கேஷைச் சுருக்கிப் பார்த்தார்கள். எகிறல் தணிந்தது, ஆனால் தேடியது கேஷில் கிடைக்காமல் தரவுத்தளத்துக்குப் போகும் தடவைகள் கூடின. கடைசியில் அந்த ஒரு சேவையை மட்டும் ரஸ்ட்டில் திரும்ப எழுதி, நடந்ததை 2020 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். ரஸ்ட் வேகமானது என்ற பொதுவான புகழ் அங்கே காரணமாக இருக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் எகிறல்தான் காரணம்.

ட்விட்டரிலும் இதே கதைதான். 2008 வாக்கில் ரூபி மொழியில் எழுதியிருந்த செய்தி வரிசை (ஒரு பகுதி அனுப்பும் வேலையை இன்னொரு பகுதி எடுக்கும்வரை வைத்திருக்கும் நிரல்) கூட்டத்தைத் தாங்காமல் திணறியபோது, அந்த வரிசையை ஸ்கலா மொழியில் மறுபடி எழுதினார்கள். பயனர் காணும் பக்கங்கள் ரூபியிலேயே தொடர்ந்தன. பின்னால் இருந்த பகுதிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தது அதற்குப் பிறகு.

ஆகவே நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த ஒன்பது மணி நேரத்தில் எவ்வளவு நேரம் ஜாவா கணக்குப் போடுகிறது, எவ்வளவு நேரம் எதற்காகவோ காத்திருக்கிறது? அளந்தீர்களா?

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதில் ஒரு குறை. வலி இருந்தால் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். எல்லா இடத்திலும் வலி இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு மொழி காரணமில்லை. இருக்கும் மொழிக்குள்ளேயே அந்த வலியைத் தீர்க்க நேர்மையாக முயன்று தோற்றிருக்க வேண்டும்.

மொசில்லா இதைச் செய்தது. அதன் பயர்பாக்ஸ் உலாவியில் ஒரு பக்கத்தின் ஸ்டைல் கணக்கீட்டை (எது எந்த நிறத்தில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்ற கணக்கை) கணினிச் சில்லின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று சி++ மொழியில் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கைவிட்டிருந்தார்கள். ஒரே தரவை இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் தொட்டுவிடும் பிழைகளை அந்தப் பெரிய நிரலில் கண்ணால் தேடிப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முயற்சி ரஸ்ட்டில் நடந்தது. அந்த வகைப் பிழையை, எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துவிட்டது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57-இல் அது வெளிவந்தது. அந்த இரண்டு தோல்விகளும் இல்லாமல் முதலிலேயே ரஸ்ட் என்று சொல்லியிருந்தால், சி++ மொழியிலேயே ஒழுங்காக எழுதினால் போதும் என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். அவருக்கு எதிராக வைக்கச் சான்று எதுவும் இருந்திருக்காது.

ஜூன் 6

மொழித் தேர்வால் பட்ட அனுபவம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு, எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

2013-இல் நான் இருந்த குழு, ஆன்லைன் கட்டணங்களை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. எங்களில் மிகத் திறமையான ஒருவர் ஸ்கலாவில் எழுதலாம் என்றார். எவரும் எதிர்க்கவில்லை. அவர் மூன்று வாரத்தில் எழுதிக் காட்டிய முதல் பதிப்பு, ஜாவாவில் நாங்கள் நான்கு மாதத்தில் எழுதியிருக்கக்கூடியதைவிடச் சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தது. நான் அதை மனதாரப் பாராட்டினேன். இன்றும் அந்த நிரலின் அழகு எனக்கு நினைவிருக்கிறது.

பதினோரு மாதம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போனார். மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் நான்கு முறை உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போது புரிந்தது. அடுத்த ஆண்டு ஒரு நாள் பின்னிரவு இரண்டேகால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. காலை ஆறு மணிக்குள் வங்கிக்குப் போக வேண்டிய கோப்பில் தொகைகள் தவறாக இருந்தன. நிரலைத் திறந்து பார்த்தால், ஓர் எண் ஓரிடத்தில் பைசாவாக இருக்கிறது, அடுத்த வரியில் ரூபாயாக மாறியிருக்கிறது. நடுவில் எந்த ஃபங்ஷனையும் யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. ஸ்கலாவில் இம்ப்ளிசிட் என்று ஒன்று உண்டு: ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றும் வழியை வேறொரு கோப்பில் எழுதி வைத்தால், தேவைப்படும் இடத்தில் கம்பைலர் அதைத் தானே பொருத்திவிடும். எழுதியவருக்கு அது வரம். பின்னிரவில் வாசிப்பவருக்கு அந்த மாற்றம் நடக்கும் இடமே கண்ணில் படாது. மூன்று பேர் சேர்ந்து அதைக் கண்டுபிடிப்பதற்குள் விடிகாலை ஐந்து மணி ஆகிவிட்டது.

அத்துடன் முடியவில்லை. ஸ்கலாவின் 2.10 பதிப்புக்குக் கம்பைல் செய்த லைப்ரரி (பிறர் எழுதி வைத்த, நாம் சேர்த்துக்கொள்ளும் நிரல்) 2.11-இல் ஓடாது என்பதால், ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கப் போய் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. வேலைக்கு ஆள் தேடினோம். ஸ்கலா தெரிந்தவர் சென்னையில் கிடைத்தாலும் எங்கள் சம்பளத்துக்கு வரவில்லை. கடைசியில் ஏழு மாதம் செலவிட்டு முழுவதையும் ஜாவாவுக்கு மாற்றினோம். அந்த ஏழு மாதத்தில் வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்றுகூடக் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு மொழியைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதை எழுதியவர் போன பிறகு, பின்னிரவில் எழுப்பப்படுபவர் யார்?

ஜூன் 7

இது எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அலுவலகங்களுக்கான சமூக வலைத்தளம் நடத்திய யாமர் நிறுவனம் 2011-இல் ஸ்கலாவிலிருந்து ஜாவாவுக்குத் திரும்புவது வெளியே தெரியவந்தபோது, அவர்களின் பொறியாளர் சொன்ன காரணங்களில் புதிதாக வருபவர்களுக்கு மொழியைக் கற்பிக்க ஆகும் பாடும் இருந்தது.

ஜூன் 9

“அப்படியானால் புது மொழியே வேண்டாம் என்று தடை போட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்கள். தடை போட்ட நிறுவனம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். அது தடை செய்தது தன் சொந்த மொழியை.

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில், 1980-களின் நடுவில், கணினி ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் சக ஆய்வாளர்களும் எர்லாங் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் ஒருபோதும் நிற்கக் கூடாது. ஓர் அழைப்பில் கோளாறு வந்தால் அந்த அழைப்பு மட்டும் விழ வேண்டும், மற்றவை தொடர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை மாற்ற வேண்டும். இந்தத் தேவைகளிலிருந்து பிறந்த மொழி அது. 1998-இல் வெளிவந்த ஏஎக்ஸ்டி 301 என்ற சுவிட்ச், பத்து லட்சம் வரிகளுக்கு மேல் எர்லாங்கில் எழுதப்பட்டது.

அதே 1998-இல் எரிக்சன் ரேடியோ சிஸ்டம்ஸ், புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்தது. மொழிகளையும் கருவிகளையும் நாமே உருவாக்கிச் சுமப்பதைவிட, உலகம் முழுவதும் பயன்படுத்துவதை நாமும் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் வாதம். அந்த ஆண்டு டிசம்பரில் எர்லாங் திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று, வெளியிடப்பட்டது. சில நாட்களில் ஆம்ஸ்ட்ராங் உட்படப் பலர் வெளியேறி புளூடெயில் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

இதை முதலில் படித்தபோது நான் மேலாளர்களின் பக்கம்தான் இருந்தேன். மேலே சொன்ன ஸ்கலா அனுபவம் அப்போது என்னை அழுத்திக்கொண்டிருந்தது. உலகில் வேறு யாருக்கும் தெரியாத மொழியில் ஆள் எடுக்க முடியாது என்பது உண்மைதானே? ஆனால் பிறகு நடந்தது அந்த வாதத்தைத் திருப்பிப் போட்டது. வெளியே விட்டதனால் எர்லாங்கைப் பிறர் கற்றார்கள். 2014-இல் பேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசி வாட்ஸாப்பை வாங்குவதாக அறிவித்தபோது, அதன் மாதப் பயனர்கள் 45 கோடிக்கு மேல். ஊழியர்கள் ஐம்பதைச் சற்றே தாண்டியிருந்தார்கள். சர்வர்களில் ஓடியது எர்லாங். ஆம்ஸ்ட்ராங்கை எரிக்சன் 2004-இலேயே மறுபடி வேலைக்கு எடுத்திருந்தது.

எரிக்சனின் மேலாளர்கள் சொன்ன செலவு உண்மையான செலவு. ஆனால் அவர்கள் பார்த்த செலவு மொழியைச் சுமக்கும் செலவு மட்டும். இருபது ஆண்டு அனுபவத்தைத் தாங்கள் நன்றாக அறிந்த ஒரு கருவியிலிருந்து பிரித்து எடுக்கும்போது ஆகும் செலவுக்குக் கணக்கேட்டில் இடம் இருக்கவில்லை.

ஜூன் 9, நள்ளிரவு

மேலே “இருபது ஆண்டு” என்று எழுதியது தவறு. தொடங்கியது 1980-களின் நடுவில், தடை வந்தது 1998-இல்; பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகிறது. அவசரத்தில் எழுதினேன்.

அதைத் திருத்த உட்கார்ந்தபோது என் ஸ்கலா கதையையும் திரும்பப் படித்தேன். அதில் மொழியின் மேல் நான் சுமத்திய பழியில் பாதி நியாயமில்லாதது. நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன். அந்தப் பதினோரு மாதமும் அவர் எழுதிய நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க இரண்டு பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் நான். அவர் திறமையானவர், சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று வாசிக்காமலேயே ஒப்புதல் கொடுத்தேன். ஸ்கலாவைக் கற்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தருமாறு அவர் கேட்டதை மேலாளர் மறுத்தார்; நானும் அதற்காக வாதாடவில்லை. ஒரு மொழியைக் குழு ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டோம். உண்மையில் ஒரே ஒரு மனிதர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைத் தடுக்காமல் இருந்தோம். தடுக்காமல் இருப்பது சம்மதம் ஆகாது என்பது எனக்கு அந்த இரவுக்குப் பிறகும் உடனே விளங்கவில்லை.

இம்ப்ளிசிட் பற்றி நான் சொன்னது மாறவில்லை. ஆனால் இரண்டாவது ஆள் ஒருவர் முதல் மாதத்திலேயே அதில் சிக்கியிருந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று குழுவே ஒரு விதி போட்டிருக்கும்.

ஜூன் 14

ஒரு வாரமாக வேலை நெருக்கடி. நடுவில் எழுதாமல் விட்ட முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: புது மொழி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது?

நான் கண்டவரை, பழைய நிரலின் பக்கத்தில் உட்காரக்கூடிய மொழிதான் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு வா என்று கேட்கும் மொழி, எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், வாசலிலேயே நிற்கிறது. கோட்லின் என்ற மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் அதை வடிவமைத்தபோதே, ஜாவா கோப்பும் கோட்லின் கோப்பும் ஒரே திட்டத்தில் இருந்து ஒன்றையொன்று அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தது. 2016 பிப்ரவரியில் 1.0 வந்தது, 2017 மே மாதம் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவை அறிவித்தது, 2019-இல் ஆண்ட்ராய்டுக்கு முதல் மொழி கோட்லின் என்றது.

எங்கள் இப்போதைய குழுவில் கோட்லின் வந்தது சோதனைக் கோப்புகள் வழியாக. டெஸ்ட் எழுதும் இடத்தில் மட்டும் கோட்லினை அனுமதிக்கலாம் என்று 2018-இல் ஒருவர் கேட்டார். டெஸ்ட் உடைந்தால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் ஆகாது என்பதால் யாரும் அஞ்சவில்லை. ஆறு மாதத்தில் குழுவில் அனைவரும், விருப்பமில்லாதவர்கள் உட்பட, கோட்லினை வாசிக்கப் பழகியிருந்தார்கள். அதற்குப் பிறகு முதல் சேவையைக் கோட்லினில் எழுதியபோது கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. முடிவு ஏற்கெனவே ஆறு மாதமாக எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

மொசில்லாவும் நேராக ஸ்டைல் கணக்கீட்டில் கை வைக்கவில்லை. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பு, 2016 ஆகஸ்டில், பயர்பாக்ஸ் 48-இல் எம்பி4 கோப்பின் விவரங்களைப் படிக்கும் ஒரு சிறு பகுதியைத்தான் ரஸ்ட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியிலிருந்து வரும், நம்ப முடியாத கோப்பைப் படிக்கும் நிரல் அது. பாதுகாப்புப் பிழைகள் வழக்கமாக ஒளிந்திருக்கும் இடம். ரஸ்ட்டின் பயனைக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை; தோற்றால் எடுத்துவிடவும் எளிது.

ஆண்ட்ராய்டின் எண்கள் இன்னொன்றைக் கற்றுத்தருகின்றன. நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகள் அங்கே 2019-இல் மொத்த ஓட்டைகளில் 76 சதவீதம்; 2024-இல் 24 சதவீதம். பழைய சி, சி++ நிரலை அவர்கள் மொத்தமாகத் திரும்ப எழுதவில்லை. புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதினார்கள், அவ்வளவுதான். ஓட்டைகள் பெரும்பாலும் புதிய நிரலிலும் அண்மையில் மாற்றிய நிரலிலும் இருப்பவை. பழையதைத் தொடாமல் பராமரித்தால் அதில் உள்ளவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பதினோரு ஆண்டு பழைய பில்லிங் அமைப்பை வைத்திருக்கும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதினோரு ஆண்டில் திருத்தப்பட்ட ஒவ்வொரு பிழையும் அந்த நிரலுக்குள் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. திரும்ப எழுதினால் அத்தனையையும் மறுபடி வாடிக்கையாளர் வழியாகக் கற்க வேண்டும்.

ஜூன் 21

மேலிருந்து ஆணையிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைப் போல் தெளிவான சான்று வேறில்லை.

1970-களில் அந்தத் துறையின் திட்டங்களில் 450-க்கும் மேற்பட்ட மொழிகளும் அவற்றின் கிளை வடிவங்களும் புழங்கின. ஒரு கருவிக்கு எழுதிய நிரலை இன்னொன்றில் பயன்படுத்த முடியவில்லை. 1975-இல் குழு அமைத்து, தேவைகளை எழுதி, பலமுறை திருத்தி, நான்கு வடிவமைப்புகளைப் பெயர் மறைத்து நிறத்தால் அடையாளமிட்டுப் போட்டியிட வைத்தார்கள். பிரான்சில் ழான் இஷ்பியா தலைமையில் உருவான ‘பச்சை’ வென்றது. அதுதான் ஏடா. மொழியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனமாக நடந்துகொண்ட வேறு எந்த அமைப்பையும் நான் அறியேன். நண்பரின் பதினான்கு தலைப்பு அட்டவணையின் மிக உயர்ந்த வடிவம் அது என்று சொல்லலாம்.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 1997-இல் கட்டாயம் கைவிடப்பட்டது. மொழி மோசமானதாக இருந்ததால் அன்று. போயிங் 777-இன் நிரல்களில் பெரும்பகுதி ஏடாவில்தான் எழுதப்பட்டது. ஆனால் தொடக்கக் காலக் கம்பைலர்கள் மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருந்தன. வெளி உலகின் கருவிகளும் லைப்ரரிகளும் சி, சி++ பக்கம் குவிந்தன. கல்லூரியிலிருந்து வருபவர்கள் அந்த மொழிகளைத்தான் கற்று வந்தார்கள். விதிவிலக்கு கேட்கும் விண்ணப்பங்களும் வந்துகொண்டே இருந்தன. நல்ல மொழியைக் கவனமாகத் தேர்ந்தும், சட்டத்தின் துணை இருந்தும், எழுதுபவர்களின் அன்றாடத்தைச் சட்டத்தால் மாற்ற முடியவில்லை.

ஜூன் 22

அந்த இரண்டு இளைஞர்களைப் பற்றி நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: “அவர்களுக்கு ரெஸ்யூமேயில் ரஸ்ட் வேண்டும், வேறொன்றுமில்லை.”

அது உண்மையாகவே இருந்தாலும் அதைக் குற்றமாக நான் கருதவில்லை. இருபத்தைந்து வயதில் இருப்பவருக்கு இன்னும் முப்பது ஆண்டு வேலை இருக்கிறது. தன் கைத்தொழில் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை. அதை வெளிப்படையாகப் பேச இடமில்லாதபோதுதான் அது வேகம், நினைவகம், பாதுகாப்பு என்று வேறு உடை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறது. “எனக்குக் கற்க ஆசை” என்று ஒருவர் சொல்லவும், அதற்குக் குழு நேரம் ஒதுக்கவும் முடிந்தால், தயாரிப்பைப் பற்றிய பேச்சு தயாரிப்பைப் பற்றியதாகவே இருக்கும்.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. சேவை நிறுவனங்களில் மொழியை முடிவு செய்வது பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்பந்தம்தான். இங்கே பத்தாண்டு வேலை செய்தும் ஒருமுறைகூட மொழியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உட்காராதவர்கள் ஏராளம். சொந்தத் தயாரிப்பு வைத்திருக்கும் குழுவில் அந்த வாய்ப்பு கிடைக்கும்போது, அதைப் பழகாத கையால் எடுக்கிறோம். நண்பரின் அட்டவணையை நான் குறைத்துப் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும். யாரும் கற்றுத்தராத வேலையை அவர் தன்னால் முடிந்த ஒழுங்கோடு செய்திருக்கிறார்.

ஜூன் 28

இந்த ஆண்டு நடந்த ஒரு தேர்வைச் சொல்லாமல் விட முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கான கம்பைலர் டைப்ஸ்கிரிப்ட்டிலேயே எழுதப்பட்டது. பெரிய திட்டங்களில் அது மெதுவாக ஓடியது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதை வேறு மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்தக் குழுவை வழிநடத்துபவர் ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க்; சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவரும் அவரே. அவருடைய நிறுவனத்தில், அவருடைய மொழி கையில் இருக்கிறது. ரஸ்ட்டின் புகழும் உச்சத்தில் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தது கூகுளில் பிறந்த கோ மொழியை.

காரணத்தைக் கேட்டால் மிக எளிமையாக இருக்கிறது. இது திரும்ப எழுதும் வேலை அன்று, பெயர்த்து வைக்கும் வேலை. பழைய நிரல் ஃபங்ஷன்களும் தரவுக் கட்டமைப்புகளுமாக எழுதப்பட்டிருக்கிறது, கிளாஸ்கள் (தரவையும் அதன் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் அமைப்புகள்) குறைவு. கோவிலும் அப்படித்தான் எழுதுவார்கள். கம்பைலருக்குள் ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டும் அமைப்புகள் நிறைய. கார்பேஜ் கலெக்டர் உள்ள மொழியில் அவற்றை அப்படியே வைக்கலாம், ரஸ்ட்டில் வைக்கப் போனால் முழு வடிவமைப்பையும் மாற்ற வேண்டும். விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியின் பதினைந்து லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது. கோ வடிவத்தில் 7.5 விநாடி என்று காட்டினார்கள்.

முதல் நாள் நான் வலிதான் முடிவு செய்கிறது என்றேன். பிறகு ஆட்கள் என்றேன், வாசல் என்றேன். இந்தத் தேர்வைப் படித்த பிறகு, பழைய நிரலின் உடல்வாகும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. டிஸ்கார்டு கார்பேஜ் கலெக்டரிடமிருந்து தப்பிக்க கோவை விட்டது. டைப்ஸ்கிரிப்ட் குழு கார்பேஜ் கலெக்டர் வேண்டும் என்பதற்காகவும் கோவைத் தேர்ந்தது. இரண்டுமே சரியான முடிவுகள் என்றே நினைக்கிறேன்.

வாசகர் பதில், ஜூலை 12

அளந்தோம். ஒன்பது மணி நேரத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே போயிருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக வினவல் போயிருக்கிறது. ஐந்நூறு பேருக்கு ஒன்றாக மாற்றினோம். ஜூன் மாத பில் வேலை இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ரஸ்ட் கேட்ட இருவரில் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். வங்கியிலிருந்து வரும் கோப்புகளை உள்ளே விடுவதற்கு முன் சரிபார்க்கும் சிறு கருவியை ரஸ்ட்டில் எழுதலாமா என்று இப்போது கேட்கிறார். அது தனி நிரல், பில்லிங் அமைப்பைத் தொடாது. மேலாளர் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்.

ஜூலை 12, இரவு

மிக்க மகிழ்ச்சி. குறிப்பாக, கண்டுபிடித்தவர் அவர் என்பதில். கேட்டிருக்கும் இடமும் நல்ல இடம். வெளியிலிருந்து வரும் கோப்பு, தனி நிரல், எடுத்துவிட்டால் பழைய வழி அப்படியே இருக்கும்.

அந்த ஒரு பக்கத்தில் மொழியின் சிறப்புகளை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். அந்தக் கருவி இன்று என்ன வலியைத் தீர்க்கிறது, எந்தத் தேதியில் உட்கார்ந்து தொடர்வதா நிறுத்துவதா என்று பார்ப்பீர்கள், நிறுத்தினால் எத்தனை நாளில் அகற்ற முடியும் என்பவற்றை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது ஆளின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ரஸ்ட் கற்பார் என்பதையும் மேலாளரின் கையெழுத்துக்கு மேலே எழுதிவிடுங்கள். 2013-இல் எங்களிடம் அந்தப் பக்கம் இருக்கவில்லை.

வாசகர் பதில், ஜூலை 14

பக்கம் தயார். மறுபரிசீலனைத் தேதி டிசம்பர் 15. அகற்ற இரண்டு நாள். இரண்டாவது ஆளின் இடத்தில் நேற்றுவரை யாரும் பெயர் எழுதவில்லை. இன்று காலை என் பெயரை எழுதினேன். வாரத்துக்கு மூன்று மணி நேரம், செவ்வாயும் வியாழனும். மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.